மழையில் கண்ட மாநகர்

ஐப்பசித் திங்களின் கடைசிச் சனிக்கிழமை. பொன்னேரிப் பகுதியில் உள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றின் வாயிலில், பொழுது புலருமுன்பே நாற்பது மாணவ மாணவியர் கூடிவிட்டனர். முந்திய நாள் மாலை தூறலாகத் தொடங்கிய மழை இரவெல்லாம் விட்டுவிட்டுப் பெய்து, விடியற்காலையில் நின்று பெய்யும் மழையாகவே மாறியிருந்தது. பள்ளியின் முன்னிருந்த வேப்பமரத்தடியில் குடைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

சென்னை மாநகரின் பழைய இடங்களைக் கண்டுவருவது என்று முன்பே முடிவு செய்யப்பட்டிருந்தது. உயர்நீதிமன்ற வளாகத்தைப் பார்ப்பதற்கு இசைவுக் கடிதமும் வந்திருந்தது. அதில் குறித்திருந்த நாள் அன்றுதான். மற்றொரு நாளுக்கு அது பயன்படாது. தலைமையாசிரியர் வானிலை அறிக்கையைக் கேட்டறிந்தார். மழை உண்டு, புயல் இல்லை என்று தெரிந்தபின், "சென்று வாருங்கள். ஆனால் கடலில் ஒருவரும் கால் நனைக்கக் கூடாது" என்று விடை கொடுத்தார்.

"இந்த மழையில் என்ன தெரியப்போகிறது, ஐயா? வெயில் நாளில் போனால் ஆகாதா?" என்று மாணவி ஒருத்தியின் தாய் வரலாற்று ஆசிரியரிடம் கேட்டார்.

"வெயில் நாளில் கட்டடங்கள் நன்றாகத் தெரியும், அம்மா. அவற்றை எதற்காகக் கட்டினார்கள் என்பது இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும்" என்றார் ஆசிரியர்.

அத்தாய்க்கு இவ்விடை நிறைவளித்ததாகத் தோன்றவில்லை. எனினும் மகளின் தலையில் ஒரு துண்டைச் சுற்றிவிட்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்து வழியனுப்பினார்.

பேருந்தின் முன் இருக்கையில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் அமர்ந்திருந்தான். மீனவர் குடும்பத்துப் பிள்ளை. வானத்தைப் பார்த்தே மழை எப்பொழுது விடும் என்று சொல்லிவிடுவான் என்பதால் மற்ற மாணவர்கள் அவனைக் 'கடலோடி' என்று அழைப்பார்கள். அவனுக்கும் அப்பெயரில் உவப்புண்டு. "இன்று எப்பொழுது விடும்?" என்று பலர் கேட்டனர். அவன் சன்னல் வழியே நெடுநேரம் பார்த்துவிட்டு, "விடாது. வாடை பிடித்துவிட்டது. எங்கள் குப்பத்தில் நேற்று மாலையே படகுகளை மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்" என்றான்.

பேருந்து புனித ஜார்ஜ் கோட்டையின் முன் நின்றபொழுது மணி ஒன்பது. அகழியில் மழைநீர் கலங்கி நின்றது. மதிலுக்கு அப்பால், உயர்ந்த கொடிமரம் மேகத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தோன்றியது. எலிகு யேல் என்பவர் ஆளுநராக இருந்த நாளில், கரையில் ஒதுங்கி உடைந்த கப்பல் ஒன்றின் தேக்குப் பாய்மரத்தையே அங்குக் கொடிமரமாக நட்டார்கள் என்பர். ஏறத்தாழ 150 அடி உயரமுள்ள அம்மரம் பழுதுற்றமையால் 1994-ஆம் ஆண்டில் எஃகுக் கம்பம் நடப்பட்டது. கப்பல் மூழ்கினாலும் அதன் மரம் மட்டும் மூன்று நூற்றாண்டுகள் கொடி தாங்கியது என்று எண்ணும்பொழுது வியப்பே மேலிடுகிறது.

குடையைப் பிடித்தபடி நின்ற கடலோடி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு வினா எழுப்பினான். "ஐயா, கோட்டையைக் கடற்கரையில் கட்டினார்கள் என்று பாடத்தில் படித்தோம். கடலைக் காணோமே! சாலை இருக்கிறது, சாலைக்கு அப்பால் மரங்களும் கட்டடங்களும் இருக்கின்றன. கடல் எங்கே?"

"நல்ல வினா. மாலை வரையில் அதை மறவாமல் வைத்திரு. விடையைக் கடற்கரையில் காட்டுகிறேன்" என்றார் ஆசிரியர்.

கோட்டையின் வரலாறு கடலிலிருந்தே தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த பிரான்சிஸ் டே என்பவர் 1639-ஆம் ஆண்டில், தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடமிருந்து இந்நிலத்தில் கோட்டை கட்டிக்கொள்ள இசைவு பெற்றார். நாயக்கரின் தந்தையாகிய சென்னப்ப நாயக்கரின் பெயரால் சென்னப்பட்டினம் என்னும் பெயர் உண்டாயிற்று. அடுத்த ஆண்டில் கோட்டைப் பணி தொடங்கியது. கப்பல் வணிகத்துக்காக நகர் அமைக்க வந்தவர்கள், கப்பல் ஒதுங்க இடமே இல்லாத கரையைத் தேர்ந்தெடுத்தது விந்தைதான். இங்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஆழ்ந்த கழிமுகம் கிடையாது. நேரான மணற்கரையும் ஓயாது மோதும் அலைகளுமே இருந்தன. ஆனால் இப்பகுதியில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. அந்த ஒரு நன்மைக்காகக் கடலின் கொடுமையைப் பொறுத்துக்கொள்ள அவர்கள் துணிந்தனர்.

கப்பல்கள் கரைக்கு வாரா. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்ப்பவை மசூலாப் படகுகள். அவற்றின் பலகைகளில் ஓர் ஆணியும் இராது. தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்திருப்பர். ஆணி அடித்த படகு அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். மசூலாப் படகும் செல்ல இயலாத நாட்களில் கட்டுமரங்கள் சென்றன. கப்பலுக்குரிய கடிதங்களை நீர் புகாத கூர்மையான தொப்பிக்குள் வைத்துத் தலையில் அணிந்துகொண்டு, கட்டுமரக்காரர்கள் அலைகளைக் கடந்தனர். 'கட்டுமரம்' என்னும் நம் சொல் ஆங்கிலத்தில் ஏறியதும் இவர்களால்தான். ஆசிரியர் இதைச் சொன்னபொழுது கடலோடி தலைநிமிர்ந்து நின்றான்.

மழை வலுத்தது. எல்லோரும் ஓடிச் சென்று புனித மேரி ஆலயத்துக்குள் நுழைந்தனர். கதவைக் கடந்ததும் ஒரு மாற்றம்: வெளியே பேரிரைச்சலாகக் கேட்ட மழை, உள்ளே மெல்லிய முணுமுணுப்பாகக் குறைந்துவிட்டது. ஒரு மாணவி அண்ணாந்து பார்த்து, "மழை நின்றுவிட்டதா?" என்று கேட்டாள். மழை நிற்கவில்லை. அவ்வளவு தடித்த கூரை அது. 1678-ஆம் ஆண்டில் அடித்தளமிட்டு 1680-ஆம் ஆண்டில் திறந்த அந்த ஆலயத்தின் சுவர்கள் ஏறத்தாழ நான்கடிக் கனம் உடையவை. கூரை, மரமே இன்றிச் செங்கல்லால் வில்போல் வளைத்துக் கட்டப்பட்டது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் உடையக் கூடாது, தீயும் பற்றக் கூடாது என்பதே அதன் நோக்கம். 1758-ஆம் ஆண்டின் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டு, இரண்டு மாதங்களுக்கு மேல் குண்டு மழை பொழிந்தார். ஆலயம் நிலைத்தது. கடவுளை வணங்கக் கட்டிய இடத்துக்கும் போருக்கு அஞ்சியே கூரை போட வேண்டியிருந்தது என்பது அக்காலத்தின் நிலையைக் காட்டுகிறது.

எலிகு யேல் இவ்வாலயத்தில்தான் 1680-ஆம் ஆண்டில் மணம் செய்துகொண்டார். இராபர்ட் கிளைவின் திருமணமும் 1753-ஆம் ஆண்டில் இங்கேயே நடந்தது. யேல் இந்நகரில் பெரும்பொருள் ஈட்டினார். ஈட்டிய வழிகள் எல்லாம் நேர்மையானவை அல்ல. பிற்காலத்தில் அவர் அளித்த நன்கொடைக்காக அமெரிக்கக் கல்லூரி ஒன்று அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இன்று உலகப் புகழ்பெற்ற யேல் பல்கலைக்கழகம் அதுவே.

மழை சற்றுத் தணிந்ததும் மாணவர்கள் ஆலயத்தின் முற்றத்துக்கு வந்தனர். முற்றம் முழுவதும் கல்லறைப் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. அவற்றின்மேல் நடந்துதான் செல்ல வேண்டும். உண்மையில் அங்கே கல்லறைகள் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே இருந்தது. முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த சமாதிகளின் மறைவில் நின்று சுட்டதால், போர் முடிந்தபின் கற்களை மட்டும் பெயர்த்து இங்குக் கொணர்ந்து பதித்தனர். இலத்தீன், போர்த்துக்கீசியம், ஆர்மீனியம் எனப் பல மொழி எழுத்துகள் அவற்றில் உள்ளன. வெயிலில் வெளிறித் தெரியும் எழுத்துகள், மழையில் நனைந்த கருங்கல்லில் தெளிவாகத் துலங்கின. 1652-ஆம் ஆண்டைச் சேர்ந்த எலிசபெத்து பேக்கர் என்னும் பெண்மணியின் கல்லும் அவற்றுள் ஒன்று. மாணவியர் சிலர் குனிந்து எழுத்துகளைத் தடவிப் பார்த்தனர். ஒருத்தியின் குறிப்பேடு நழுவி நீரில் விழுந்தது. அவள் எழுதியவை எல்லாம் நீல நீராக ஓடின. "கல்லில் எழுதியிருக்க வேண்டும்" என்று ஒருவன் கேலி செய்ய, அவள் கண்கள் கலங்கின. கேலி செய்தவனே தன் குறிப்பேட்டின் பாதித் தாள்களைப் பிரித்து அவளிடம் தந்தான்.

அடுத்துக் கோட்டை அருங்காட்சியகம். 1795-ஆம் ஆண்டில் கட்டி முடித்த இம்மாளிகையில் வணிகர்கள் கூடி விலை பேசினார்கள். கப்பல் எப்பொழுது வரும் என்று காத்திருந்தார்கள். 1796-ஆம் ஆண்டில் இதன் கூரைமேல்தான் சென்னையின் முதற் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. தேங்காயெண்ணெயில் எரிந்த விளக்கு அது. அதற்கு முன், கோட்டை தோன்றிய நாளிலிருந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, இருட்டில் கரையை அணுகிய மாலுமிக்கு வழி காட்ட அத்தகைய விளக்கு இங்கு இல்லை!

"இருட்டினால் மட்டும் என்ன? விடியும் வரை தொலைவிலேயே நிற்கலாம் அல்லவா?" என்று ஒரு மாணவன் கேட்டான்.

ஆசிரியர் சன்னலைத் திறந்து காட்டினார். காற்று மழையை உள்ளே வீசியடித்தது. "இத்தகைய பருவத்தில் தொலைவில் நின்றவர்களின் கதையைக் கேள்" என்று தொடங்கினார். 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொன்னே சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினார். ஆங்கிலேயரால் அவரை விரட்ட முடியவில்லை. ஆனால் அக்டோபரில் ஓரிரவு எழுந்த புயல், கோட்டைக்கு எதிரே நங்கூரமிட்டு நின்ற அவருடைய கப்பல்களைச் சிதறடித்தது. சில மூழ்கின, சில பாய்மரம் இழந்து தத்தளித்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வென்றவர், வென்ற நகரின் எதிரிலேயே தம் கடற்படையின் வலிமையை இழந்து திரும்பினார். ஒதுங்க ஒரு துறைமுகம் இருந்திருந்தால் அவர் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

அருங்காட்சியகத்தில் வாட்களும் நாணயங்களும் ஆளுநர்களின் உருவப்படங்களும் ஏராளம். மாணவர்கள் அவற்றை விரைந்து பார்த்தனர். ஆயினும் ஓரிடத்தில் அனைவரும் தாமாகவே நின்றுவிட்டனர். 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வைகறையில் இக்கோட்டையின் கொடிமரத்தில் ஏற்றிய மூவண்ணக் கொடி அங்கே கண்ணாடிப் பேழைக்குள் விரிந்திருக்கிறது. பட்டுத் துணியால் ஆன பெரிய கொடி. வண்ணம் மங்கிவிட்டது. உடைந்த கப்பலின் மரமும் அந்தக் கொடியும் ஒரு காலைப்பொழுதில் ஒன்று சேர்ந்திருந்தன என்பதைக் கடலோடிதான் முதலில் சொன்னான்.

உயர்நீதிமன்ற வளாகத்தை அடையும்பொழுது நண்பகலாகிவிட்டது. விடுமுறை நாளாதலின் வளாகம் அமைதியாக இருந்தது. 1892-ஆம் ஆண்டில் திறந்த அச்செந்நிறக் கட்டடம், மழையில் நனைந்து மேலும் சிவந்து காட்சியளித்தது. குவிமாடங்களும் கோபுரங்களும் வளைவுகளும் கூடிய அதன் அழகை வருணிக்கப் பல பக்கங்கள் வேண்டும். ஆனால் மாணவர்கள் தேடிச் சென்றது வளாகத்தில் தனித்து நிற்கும் ஒரு கருங்கல் தூணை. கிரேக்கப் பாணியில், ஏறத்தாழ 125 அடி உயரமாக எழுப்பிய இத்தூணே நகரின் இரண்டாவது கலங்கரை விளக்கம். 1844-ஆம் ஆண்டு முதல் ஐம்பது ஆண்டுகள் ஒளி தந்தது. பக்கத்தில் நீதிமன்றம் அதனினும் உயர்ந்து எழுந்தபின், 1894-ஆம் ஆண்டில் விளக்கு அக்கட்டடத்தின் மிக உயர்ந்த கோபுரத்துக்கே மாற்றப்பட்டது. கீழே வழக்குரைப்பர்; மேலே விளக்கெரியும். இத்தகைய நீதிமன்றம் வேறெங்கும் இருப்பது அரிது.

இவ்விடத்தின் கதை விளக்கோடு தொடங்கவில்லை. துணி நெய்தவர்களும் சாயமிட்டவர்களும் வணிகர்களும் வாழ்ந்த பழைய நகரம் கோட்டையின் வடக்கே இங்குதான் இருந்தது. சென்னக் கேசவப் பெருமாள் கோயிலும் இங்கிருந்தது. பகைவர் ஒளிய இடமாகிவிடும், பீரங்கி சுடுவதற்குத் தடையாகும் என்று கருதிய கம்பெனியார், 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோயிலையும் வீடுகளையும் இடித்து வெளியாக்கினர். மக்கள் மேலும் வடக்கே குடிபெயர்ந்தனர். கோயில் பின்னர் வேறிடத்தில் கட்டப்பட்டது.

கடற்பக்க மதிலில் ஒரு கல்வெட்டுப் பலகை உள்ளது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னையைத் தாக்கியபோது குண்டு விழுந்த இடம் அது. சில நிமிடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வீசப்பட்டன. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கலங்கரை விளக்கம் அன்றிரவும் வழக்கம்போல் ஒளி வீசிக்கொண்டிருந்தது. நண்பன் என்றும் பகைவன் என்றும் விளக்குக்குத் தெரியுமா? அக்கப்பலின் பெயர் தமிழிலேயே தங்கிவிட்டது. அஞ்சாமல் எதையும் செய்து முடிப்பவனை 'எம்டன்' என்று சொல்லும் வழக்கம் அன்று பிறந்தது.

மழை மீண்டும் வலுத்தமையால் உணவு பேருந்துக்குள்ளேயே நடந்தது. நனைந்த ஆடையும் புளிச்சோற்று மணமும் கலந்த அச்சிறிய இடத்தில் நாற்பது பேரும் முழங்கை இடிபட உண்டனர். அவ்வேளையில் ஓட்டுநர் வானொலியை முடுக்கினார். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றியிருக்கிறது என்றும், துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்றும் செய்தி வந்தது. பேச்சரவம் சட்டென்று அடங்கியது.

"அஞ்ச வேண்டியதில்லை. கூண்டுகள் ஒன்று முதல் பதினொன்று வரை உண்டு. ஒன்றாம் எண், தொலைவில் புயல் உருவாகலாம், விழிப்பாக இருங்கள் என்று கப்பல்களுக்குச் சொல்வது. பகலில் கூண்டு ஏற்றுவார்கள். இரவில் விளக்குகளால் அதையே உணர்த்துவார்கள். ஆயினும் நாம் நெடுநேரம் தங்கவேண்டாம். மெரினாவைப் பார்த்துவிட்டு உடனே திரும்புவோம்" என்றார் ஆசிரியர்.

மெரினாவில் நிற்பது நான்காவது கலங்கரை விளக்கம். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைகள் தீட்டிய இது, 1977-ஆம் ஆண்டு முதல் ஒளி தருகிறது. மேலே செல்ல மின்தூக்கி உண்டு. நகர் முழுவதையும் அங்கிருந்து காணலாம் என்ற ஆசையோடு மாணவர்கள் வந்திருந்தனர். ஆனால் காற்று மிகுந்திருந்தமையால் அன்று மேலே செல்ல இசைவு கிடைக்கவில்லை. பலருடைய முகம் வாடிற்று. கடற்பக்கம் திரும்பிய ஆசிரியர், "மேலிருந்து காணவேண்டியதை இங்கேயே காட்டுகிறேன். குடையை மடித்துக்கொண்டு என்னோடு வாருங்கள்" என்று மணலில் இறங்கினார். அலைகள் வெகு தொலைவில் எழுந்து வெண்ணுரையாக உடைந்துகொண்டிருந்தன. அவர் கடலுக்குப் போகவில்லை. சாலையோரத்திலிருந்து வழிந்த மழைநீர், மணலைக் கரைத்துக்கொண்டு ஒரு சிறு வாய்க்காலாக ஓடிய இடத்தில் நின்றார்.

"தம்பி, காலையில் கடல் எங்கே என்று கேட்டாயே, இங்கே வா. நம் கரையோரத்தில் மணல் ஆண்டு முழுவதும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் எப்பக்கம் போகும்?"

"தெற்கிலிருந்து வடக்கே, ஐயா. அந்த நீரோட்டத்தைத் தெண்டி என்போம். இப்பொழுது வடக்கிலிருந்து தெற்கே வரும். அது வன்னி" என்றான் கடலோடி, தயக்கமின்றி.

"எது மிகுதி?"

"தெண்டிதான். மாதக்கணக்கில் இருக்கும்."

"ஆகவே, ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் மணல் வடக்கு நோக்கியே போகிறது. இந்த வாய்க்காலை அந்நீரோட்டம் என்று கொள்வோம்" என்று கூறி, ஆசிரியர் தம் மடித்த குடையை வாய்க்காலின் ஓரத்திலிருந்து நடுப்பகுதி வரையில் குறுக்கே வைத்து, மணலில் அழுத்திப் பிடித்தார். எல்லோரும் குனிந்து பார்த்தனர். சிறிது நேரத்தில் நீர் வரும் பக்கத்தில், குடையை ஒட்டி மணல் படிந்து மேடாயிற்று. குடைக்கு அப்பால், நீர் மணலின்றித் தெளிந்து சென்றது. சென்ற இடத்தில் கரையை அரித்துக் குழி பறித்தது. ஓரத்து மணல் துண்டு துண்டாகச் சரிந்து விழுந்தது.

"இதுதான் துறைமுகம்" என்றார் ஆசிரியர். "மசூலாப் படகுகளில் எத்தனையோ பேர் மூழ்கியபின், இந்நகருக்கு ஒரு துறைமுகம் வேண்டுமென்று முடிவாகி, 1876-ஆம் ஆண்டில் கடலுக்குள் இரண்டு கல்மதில்களை நீட்டத் தொடங்கினர். 1881-ஆம் ஆண்டு நவம்பரில் புயல் வந்து அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கிழக்கு நோக்கி இருந்த வாயிலில் மணல் சேர்ந்தமையால், பின்னர் அதை அடைத்து வடகிழக்கில் வேறு வாயில் அமைத்தனர். மதில்கள் கப்பல்களைக் காத்தன. ஆனால் வடக்கே போகவேண்டிய மணலையும் அவை தடுத்தன. மணல் தெற்கே தங்கிற்று. நாம் நிற்கும் இந்த அகன்ற கடற்கரை அவ்வாறு பெருகியதே. கோட்டை மதிலருகே இருந்த கடலும் அப்படித்தான் விலகியது."

கடலோடி மேட்டைப் பார்க்கவில்லை. குடைக்கு அப்பால் சரிந்துகொண்டிருந்த குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வடக்கே?" என்றான்.

"வடக்கே மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. இராயபுரம் முதல் திருவொற்றியூருக்கு அப்பாலும் கரை அரிக்கப்பட்டது. வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டிக் கரை கட்டவேண்டியதாயிற்று."

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு கடலோடி சொன்னான்: "எங்கள் பாட்டி பிறந்தது திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பம், ஐயா. அவர்கள் வீடு, அதற்கு முன்னால் வலை உலர்த்தும் திடல், திடலுக்கு முன்னால் ஒரு தென்னை வரிசை. முதலில் தென்னை போயிற்று. பிறகு திடல். பிறகு வீடு. அதன்பின்தான் எங்களூருக்கு வந்தார்களாம். கடல் தாய்க்குக் கோபம், நாம் ஏதோ பிழை செய்துவிட்டோம் என்றுதான் பாட்டி இன்றும் சொல்வார்."

"உன் பாட்டி ஒரு பிழையும் செய்யவில்லை" என்றார் ஆசிரியர்.

குறிப்பேட்டை இழந்த மாணவி மெதுவாகக் கேட்டாள்: "அப்படியானால் துறைமுகத்தைக் கட்டியிருக்கக் கூடாது என்கிறாயா?"

அவன் உடனே விடை சொல்லவில்லை. காலையில் கேட்ட கதைகள் அவன் நினைவில் ஓடியிருக்க வேண்டும்: ஒதுங்க இடமின்றி ஓரிரவில் சிதறிய கப்பல்கள், கரைக்கு எதிரிலேயே மூழ்கியவர்கள், தொப்பிக்குள் கடிதம் சுமந்த கட்டுமரக்காரர்கள். "கப்பல்களும் பிழைக்கத்தான் வேண்டும். பாட்டியின் வீடும் இருந்திருக்க வேண்டும்" என்றான் இறுதியில். ஆசிரியர் குடையை எடுத்தார். தேங்கி நின்ற மணல் கரைந்து மெல்ல நகரத் தொடங்கியது.

கார்மேகம் கவிந்திருந்தமையால் ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கியது. பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தபொழுது கலங்கரை விளக்கம் ஒளிரத் தொடங்கியது. "இரண்டு" என்று ஒருவன் கத்தினான். இருமுறை மின்னி, ஓய்ந்து, மீண்டும் இருமுறை மின்னியது. ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் மின்னும் முறை வேறு. அதைக் கொண்டுதான் மாலுமி தான் எந்த ஊருக்கு எதிரே இருக்கிறான் என்று அறிகிறான் என ஆசிரியர் விளக்கினார். வெயில் நாளில் வந்திருந்தால் மாணவர்கள் மேலே ஏறி நகரைப் பார்த்திருப்பார்கள், ஒளியைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

திரும்பும் வழி துறைமுகத்தை ஒட்டி வடக்கே சென்றது. 1856-ஆம் ஆண்டில் தென்னாட்டின் முதல் இரயில் புறப்பட்ட இராயபுரம் நிலையம் இருட்டில் தூண்களாக மட்டும் தெரிந்தது. காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டு, ஒன்றோடொன்று உரசி முனகின. மாணவர்களில் பலர் உறங்கிவிட்டனர். மழை தூறலாகத் தேய்ந்தது.

சாலையின் வலப்பக்கம் கரும்பாறைகள் குவிந்து கிடக்க, அவற்றின்மீது அலை மோதி, சில வேளைகளில் நீர்த்துளிகள் பேருந்தின் கண்ணாடியிலும் தெறித்தன. கடலோடி எழுந்து ஆசிரியரின் அருகே வந்தான்.

"ஐயா, இங்கே சற்று மெதுவாகப் போகச் சொல்வீர்களா?"

ஆசிரியர் ஓட்டுநரிடம் சொன்னார். பேருந்து மெல்ல ஊர்ந்தது. பையன் கண்ணாடியில் படிந்த நீரைக் கையால் துடைத்துவிட்டு, பாறைகளுக்கு அப்பால், இருண்ட நீரில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினான்.

"ஏறத்தாழ அங்கேதான் இருக்கவேண்டும். தெரு வாயிலில் நின்றால் கோயில் கோபுரம் தெரியும் என்று பாட்டி சொல்வார். பாருங்கள், இங்கிருந்தும் தெரிகிறது."

விழித்திருந்த சிலர் எழுந்து வந்து அவனோடு சேர்ந்து பார்த்தனர். அலைகளைத் தவிர அங்கு வேறொன்றும் இல்லை. தெற்கே வெகு தொலைவில், தூறலுக்கு ஊடே, ஒளி இருமுறை மின்னி ஓய்ந்தது.

"பாட்டி விழித்திருப்பார். இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்" என்றான் அவன்.